மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள்: புறப்படும் முன் ஒரு கணக்கு



செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநிமிடம் ஹாஸ்டலில் எழும் முதல் குரல், "மாப்ள, வண்டியை எடு, ஊட்டி போலாம்!" என்பதுதான். போகலாம், தப்பே இல்லை. ஆனால் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் பேப்பரும் பேனாவுமாக உட்காருகிறவர் எத்தனை பேர்? போன ஆறு பேரும் ஆறு பேராகத் திரும்பி வரணும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அது ஒன்றுதான் கணக்கு. வகுப்பில் படித்த உராய்வு, விசை, ஆற்றல் எல்லாம் இந்தப் பயணத்தில் நம்மோடு பின் சீட்டில் உட்கார்ந்து வருகின்றன. அவற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போமே!

பாதையும் நேரமும்

எடுத்துக்காட்டாக மூன்று நாள் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் கோவை, சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாமராஜநகர், குண்டல்பேட்டை. இரண்டாம் நாள் பந்திப்பூர், முதுமலை, கூடலூர், நடுவட்டம், ஊட்டி. மூன்றாம் நாள் குன்னூர், மேட்டுப்பாளையம், கோவை. மொத்தம் சுமார் 375 கிலோமீட்டர்.

"375 கிலோமீட்டர்தானே, ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்று ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள். சமவெளியில் மணிக்கு 50 வரும் சராசரி வேகம், மலையில் 25 அல்லது 30தான் வரும். பண்ணாரிக்கு மேலே திம்பம் வரை மட்டும் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றால் நம் நேரமும் நின்றுவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. திம்பம் பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது. நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்தது. இந்த விதிகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் வாரத்தில் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் பின்னாலிருந்து போடுவது நல்லது. மாலை 5 மணிக்குத் தங்கும் ஊரில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, காலையில் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

பருவமும் முக்கியம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, ஜூன் முதல் செப்டம்பர் வரை. குன்னூர், மேட்டுப்பாளையம் சரிவில் வடகிழக்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மண் சரிவதும் மரம் விழுவதும் அந்த மாதங்களில்தான். ஒரே மலைக்கு இரண்டு மழைக்காலம்!

ஏறும்போது

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறைந்தால் சக்தியும் அதே அளவு குறையும். கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்தாலும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கலவை கெட்டியாகி, பிளக்கில் கரி படியும், மைலேஜும் இறங்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்பதால் கலவை தானே சரியாகிவிடும். சக்தி குறைவது மட்டும் எல்லா வண்டிக்கும் பொது. 100 சிசி வண்டியில் இரண்டு பேர், மேலே ஒரு மூட்டை என்றால் இரண்டாவது கியரில்தான் ஏறும். "வண்டி இழுக்கல" என்று கிளட்ச்சைப் பாதி பிடித்து முறுக்கினால், கிளட்ச் பிளேட் கருகி வாசனை வரும். கியரைக் குறையுங்கள், அதுதான் வழி.

இறங்கும்போது

நண்பர்களே, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர். அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். வண்டி, இரண்டு பேர், சாமான் எல்லாம் சேர்த்து 270 கிலோ என்று வைப்போம். நிலையாற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். அதாவது 270 × 9.8 × 1,500. விடை சுமார் 40 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 13 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இந்த ஆற்றல் போதும்! இதில் ஒரு பங்கை டயர் உராய்வும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும்தான் தாங்க வேண்டும்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு இறங்கினால் எஞ்சினின் பங்கும் பிரேக் தலையில் விழும். பிரேக் ஷூ சூடேறி, டிரம்மைப் பிடிக்கும் திறனை இழக்கும். டிஸ்க் வண்டியிலும் ஆபத்து உண்டு. டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்தால் லீவர் 'பொசுக்'கென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே பழைய பிரேக் ஆயிலைக் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

பழைய டிரைவர்கள் சொல்வது ஒரே விதி: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள், மிதித்தபடியே வராதீர்கள். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. அதில் எஞ்சின் பிடிப்பு குறைவு. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் வண்டி என்றால், ஆக்சிலரேட்டரை மூடியே இறங்கும்போது உள்ளே போகும் ஆயிலும் குறைகிறது. இடையிடையே லேசாகத் திறந்து விடுங்கள். அடிக்கடி நின்று ஆறவிடுங்கள்.

வளைவில்

வளைவில் சறுக்காமல் போகும் உச்ச வேகத்துக்கு ஒரு வாய்ப்பாடு: வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் கெழு × புவியீர்ப்பு முடுக்கம் × ஆரம். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்போம்.

காய்ந்த தார் ரோடு, கெழு 0.7: மணிக்கு சுமார் 30 கி.மீ.
நனைந்த ரோடு, கெழு 0.4: சுமார் 22 கி.மீ.
மணல், சருகு, கெழு 0.2: சுமார் 16 கி.மீ.

இது எல்லை. நாம் போக வேண்டியது அதற்குக் கீழே. சூத்திரத்தில் எடை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? "நம்ம வண்டி கனமான வண்டி, ரோட்டுல ஒட்டிக்கும்" என்ற பேச்சு இங்கே செல்லாது. வளைவுக்கு முன்பே வேகத்தையும் கியரையும் குறையுங்கள். வளைவுக்குள் திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள். பஸ் திரும்பும்போது முழு ரோடும் அதற்கு வேண்டும். ஓரமாக நின்று வழி விடுங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டத்திலும் உண்டு.

கிளம்பும் முன் பட்டியல்

1. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. கியர் வண்டிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். முதலாண்டுத் தம்பிகளே, 2019 சட்டத் திருத்தப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பின் சீட்டில் வாருங்கள், போதும்.
2. இருவருக்கும் ஹெல்மெட். மழைக்கோட்டு, கையுறை, ஸ்வெட்டர்.
3. பிரேக் ஷூ, டயர், செயின் தொய்வு, விளக்கு, ஹாரன்.
4. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பிளக், ஃப்யூஸ், டியூப் அல்லது பஞ்சர் கிட், டூல்ஸ்.
5. பெட்ரோல்: சத்தியமங்கலத்தில் டேங்க் நிரப்பாமல் காட்டுக்குள் போகாதீர்கள்.
6. முதலுதவிப் பெட்டி. வீட்டில் எழுதி வைத்த பயணத் திட்டம்.

கூட்டமாகப் போகும்போது

மெதுவாக ஓட்டுபவரை முன்னால் விடுங்கள். அனுபவசாலி கடைசி வண்டியில் வரட்டும். கிளை பிரியும் இடத்தில் பின்வண்டி கண்ணில் படும் வரை முன்வண்டி நிற்க வேண்டும். முதுமலை, பந்திப்பூர் காட்டில் படம் பிடிக்க நிற்காதீர்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். அது அதன் வீடு, நாம் வழிப்போக்கர்கள்.

மழை கொட்டினாலோ, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, பாதியில் திரும்புவதில் எந்த அவமானமும் இல்லை. அதையும் திட்டத்தில் ஒரு வரியாக எழுதி வையுங்கள். "திரும்பிடலாம்டா" என்று யார் முதலில் சொன்னாலும் மற்றவர்கள் கேலி செய்யாமல் கேட்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

போய் வாருங்கள் நண்பர்களே, பத்திரமாக வந்து சேருங்கள்!

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை