31 வருட உழைப்பை ஒரு கடிதம் முடித்துவிடுமா?



சென்ற இதழ்களில் வாடகை ஒப்பந்தம், வாரிசுச் சான்றிதழ் ஆகியவை பற்றிப் பாடம் எழுதியிருந்தோம். இந்த மாதப் பாடம் வேலை நீக்கம் பற்றியது. ஓய்வுக்குச் சில மாதங்களே இருக்கும் ஒருவரை, அதுவும் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவரை, நிர்வாகம் வேலையை விட்டு நீக்கினால் அவரும் குடும்பமும் என்ன செய்யலாம், ஜமாஅத் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

நடந்த சம்பவம்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் அஸருக்குப் பிறகு நமது மஹல்லா சகோதரர் ஒருவர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். தோல் தொழிற்சாலை ஒன்றில் 31 வருடம் வேலை செய்தவர், தொழிற்சங்கத்தின் பொருளாளர். 58 வயதில் ஓய்வு பெற இன்னும் 14 மாதங்கள் இருந்தன. கையில் நான்காக மடித்த ஒரு கடிதம் வைத்திருந்தார். மேலதிகாரியை ஏசினார், வேலையைத் தடுத்தார், விசாரணையில் அது உறுதியானது, எனவே நீக்கப்படுகிறார் என்று அதில் இருந்தது. கிராஜுவிட்டியும் கிடையாது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"சத்தம் போட்டது உண்மைதான் பாய். புதுசா வந்த பையனுக்குக் கையுறை இல்லாம ரசாயனத்துல இறங்கச் சொன்னாங்க, அதனால கத்திட்டேன். நான் அடிக்கல, வேலையை நிறுத்தல. காசு வந்தா வருது, போனா போகுது. பேரன் கேட்டா நான் எப்படி வீட்டுக்கு வந்தேன்னு சொல்றது?" என்று கேட்டார்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் டிரஸ்டுக்கு உதவுகிறவர்கள். ஆகவே, பேசி முடித்துவிடலாம், வழக்கு கிழக்கு என்று போக வேண்டாம் என்று அவரிடம் கூறினோம். மூன்று மாதங்கள் பேச்சிலேயே போயின. அதற்குள் சாட்சி சொல்லக்கூடிய ஒப்பந்தத் தொழிலாளர் இருவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். உதவி செய்பவரின் முகம் பார்த்து நியாயத்தைத் தள்ளிப் போட்டோம். நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும், செல்வர் ஏழை என்று பார்க்கக் கூடாது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கற்பிப்பதை நாங்களே பயானில் பலமுறை கேட்டிருக்கிறோம். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

மார்க்கம் கூறும் மூன்று அடிப்படைகள்

முதலாவது, விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு செய்தி வந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ள வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தக் கூடாது என்பது ஹுஜுராத் அத்தியாயம் 6ஆம் வசனத்தின் போதனை. ஸாத் அத்தியாயத்தில் தாவூத் (அலை) அவர்களிடம் வழக்காளிகள் வந்த நிகழ்ச்சியில் நமது உலமாக்கள் சுட்டிக்காட்டும் படிப்பினை, இரு தரப்பையும் கேட்ட பிறகே தீர்ப்பு என்பது. இன்றைய சட்டத்தில் இதற்கு இயற்கை நீதி என்று பெயர்.

இரண்டாவது, தண்டனை குற்றத்தின் அளவை மீறக் கூடாது.

மூன்றாவது, முதுமையில் கைவிடக் கூடாது. இமாம் அபூ யூசுப் (ரஹ்) தமது கிதாபுல் கராஜில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள், வாசலில் யாசித்துக்கொண்டிருந்த பார்வையிழந்த ஒரு முதியவரைக் கண்டார்கள். அவர் யூதர். ஜிஸ்யாவும் தேவையும் முதுமையும் தன்னை யாசிக்க வைத்தன என்றார். இவருடைய இளமையை அனுபவித்துவிட்டு முதுமையில் கைவிட்டால் நாம் நியாயமாக நடந்தவர்களாக மாட்டோம் என்ற கருத்தைக் கூறி, அவருக்கு பைத்துல்மாலிலிருந்து உதவ ஏற்பாடு செய்தார்கள். வேலை கொடுப்பவர்களாக இருக்கும் நமது சகோதரர்கள் இந்த நிகழ்ச்சியை நினைவில் வைக்க வேண்டும். வரியை விட அதிகமாக ஒரு தொழிலாளி தருகிறார். தன் உடலையே தருகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நீக்கக் கடிதம் வந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் நமது மக்களின் பெரிய அறியாமை. தனி ஒருவரின் வேலை நீக்கமும் தொழிற்தகராறாகக் கருதப்படும். சங்கம் துணைக்கு வராவிட்டாலும் அவரே மனுச் செய்யலாம்.

விசாரணைக்கு முறை உண்டு. குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும். பதில் சொல்ல அவகாசம் வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், தன் தரப்புச் சாட்சிகளைக் கொண்டு வரவும் தொழிலாளிக்கு வாய்ப்புத் தர வேண்டும். நமது சகோதரர் விஷயத்தில் விசாரணை ஒரே மதியத்தில் முடிந்தது. அவர் கேட்ட சாட்சிகள் அழைக்கப்படவில்லை.

பணியிடை நீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் தர வேண்டும். தமிழ்நாட்டின் 1981ஆம் வருடச் சட்டப்படி முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாட்களுக்கு முக்கால் பங்கு, அதற்கு மேல் நீடித்தால் முழுச் சம்பளம். இது சின்ன விஷயம் அல்ல. கோலார் தங்க வயலில் வேலை செய்த ஒரு பாதுகாப்பு அதிகாரி, பிழைப்பூதியம் தரப்படாததால் பயணச் செலவுக்குக் கூடப் பணமின்றி விசாரணைக்கு வர இயலாமல் போனார். அவர் இல்லாமலே விசாரணை நடத்தி நீக்கினார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது.

தண்டனையின் அளவையும் நீதிமன்றம் பார்க்கும். 1971இல் தொழிற்தகராறு சட்டத்தில் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, குற்றம் உண்மையே ஆனாலும் தண்டனை அதிகம் என்றால் அதைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. 14 வருடம் குறையின்றி வேலை செய்த ஓர் ஊழியர் கடுஞ்சொல் பேசினார் என்று நீக்கப்பட்ட வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம் அது மிகையான தண்டனை என்று கூறி, இரண்டு ஊதிய உயர்வுகளை நிறுத்துவதோடு முடித்தது. சங்கத்தில் இருப்பதற்காகப் பழிவாங்கி நீக்குவதும், சிறு குற்றத்துக்குக் கடந்த காலப் பணியைப் பார்க்காமல் நீக்குவதும் நியாயமற்ற தொழில் நடவடிக்கைகள் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன.

காலக்கெடுவைக் கவனியுங்கள். பழைய 1947ஆம் வருடச் சட்டத்தில், சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாட்கள் கடந்ததும் நேரடியாக நீதிமன்றம் போக முடிந்தது. நீக்கத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் சமரச அதிகாரியிடம் போகவே இரண்டு வருடம்தான். சமரசம் முறிந்த அறிக்கை கையில் கிடைத்தால் 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். பேசிப் பேசி நாளைக் கடத்துவது யாருக்கு லாபம் என்று இப்போது புரிந்திருக்கும்.

கிராஜுவிட்டி தானாகப் போய்விடாது. மாதம் 18,000 ரூபாய் கடைசிச் சம்பளம், 31 வருடப் பணி என்றால், 18,000 ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, மறுபடி 31ஆல் பெருக்க வேண்டும். 3,21,923 ரூபாய் வருகிறது. நிர்வாகத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தியிருந்தால் அந்த நஷ்ட அளவுக்கு மட்டும் பிடிக்கலாம். வன்முறை, கலவரம், ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற காரணங்களுக்காக நீக்கியிருந்தால்தான் முழுவதும் அல்லது ஒரு பகுதியைப் பறிமுதல் செய்ய இடமுண்டு. வாய்மொழியாக இல்லை என்று சொல்வது செல்லாது. வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த பணமும் நீக்கத்தால் போவதில்லை.

ஓய்வு வயது கடந்துவிட்டால்?

வழக்கு முடிவதற்குள் 58 வயது ஆகிவிடுமே, பிறகு என்ன பயன் என்று பலர் கேட்கிறார்கள். வயது கடந்தவரை மறுபடி வேலையில் அமர்த்த முடியாது என்பது சரி. ஆனால் நீக்கம் செல்லாது என்று தீர்ப்பானால், நீக்கிய நாள் முதல் ஓய்வு நாள் வரையான சம்பளத்தையும் ஓய்வுப் பலன்களையும் கேட்கலாம். 2013இல் மகாராஷ்டிரத்து ஆசிரியை ஒருவரின் வழக்கில், தவறாக நீக்கப்பட்டவருக்குப் பின்சம்பளம் தருவதே வழக்கமான விதி என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. இடையில் வேறு வேலையில் சம்பாதிக்கவில்லை என்பதைத் தொழிலாளி தமது மனுவிலேயே சொல்ல வேண்டும். சம்பாதித்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. பொய் சொல்லிப் பெறும் பணத்தில் பரக்கத் இருக்காது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

1. நீக்கக் கடிதம், குறிப்பாணைகள், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை, பி.எஃப். எண் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். நகல் எடுத்து இன்னொருவரிடம் கொடுங்கள்.

2. வெள்ளைத் தாளிலோ, படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பணம் தருகிறோம் என்றால், சங்கத்தையோ வக்கீலையோ கேட்காமல் எழுதாதீர்கள்.

3. நடந்ததைத் தேதி வாரியாக அன்றே எழுதி வையுங்கள். தன் மேல் உள்ள தவறையும் சேர்த்து எழுதுங்கள். உண்மை முழுதாக இருந்தால்தான் உதவுபவர் சரியாக உதவ முடியும்.

4. கடிதங்களை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

5. தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) தாமதிக்காமல் மனுக் கொடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு.

முடிவு என்ன ஆனது?

நான்காவது மாதம் அந்தச் சகோதரர் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்தார். சங்கத்தார் உடன் நின்றார்கள். மேலதிகாரியிடம் குரல் உயர்த்தியதற்கு அங்கேயே வருத்தம் தெரிவித்தார். மற்ற குற்றச்சாட்டுகளை ஏற்க மறுத்தார். பல வாய்தாக்களுக்குப் பின் ஒப்பந்தம் கையெழுத்தானது. நீக்கம் ரத்தாகி, ஓய்வு பெற்றவராகப் பதிவு செய்யப்பட்டார். கிராஜுவிட்டி முழுதாகக் கிடைத்தது. இடைக்காலச் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஓய்வுச் சான்றிதழை வாங்கிய அன்று பேரனையும் கூட்டிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போனதாகச் சொன்னார்.

அந்த மூன்று மாதத் தாமதத்துக்குப் பிறகு டிரஸ்டில் ஒரு முடிவு எடுத்தோம். வேலை நீக்கம் என்று யார் வந்தாலும், எதிர்த் தரப்பு நமக்கு வேண்டியவராக இருந்தாலும், மனுவை முதலில் எழுதிக் கொடுப்போம். சமாதானப் பேச்சு அதனுடன் சேர்ந்து நடக்கட்டும். ஞாயிறு தோறும் லுஹருக்குப் பின் அலுவலகத்துக்குத் தாள்களுடன் வரலாம்.

வீட்டில் பிள்ளைகளுடன் பேசிப் பாருங்கள்: நம் வீட்டில், நம் கடையில் வேலை செய்பவரை நாம் விசாரிக்காமல் நிறுத்தியிருக்கிறோமா? அவருக்கு வயதானால் என்ன செய்வோம் என்று யோசித்திருக்கிறோமா?

உழைப்பவரின் உரிமையை உண்ணாமல் நம்மை அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.