கோவளத்துக் கடலில் கால் வைக்குமுன்

அன்பு மருமகனே,

உங்கள் பள்ளியில் கோவளத்துக்குச் சுற்றுலா போகிறீர்கள் என்று அக்கா சொன்னாள். நம் ஊர் மாகறலை ஒட்டி ஓடும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து கடலுக்குத்தான் போகிறது. ஆனால் ஆற்றில் பழகிய நீச்சலை மட்டும் நம்பிக் கடலில் இறங்கிவிடாதே.

அந்தக் கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்று ஒருவர் இருக்கிறார். மீன்பிடித்துப் பிழைத்தவர். வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் அலைச்சறுக்குப் பலகையை இரவல் வாங்கி ஏறிப் பார்த்தார். பிறகு குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். தொழிலதிபர் அருண் வாசு துணைநிற்க, 2012இல் அது ஒரு பயிற்சிப் பள்ளியாகவே ஆனது. குடியும் புகையும் கூடாது, படிப்பை விடக்கூடாது என்பது பிள்ளைகளுக்கு அவர் வைத்த கட்டுப்பாடு. அலைச்சறுக்குப் போட்டிகளில் அவர்கள் வாங்கும் பதக்கங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தப் பலகை விளையாட்டுக்கு மட்டுமானதல்ல. ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த டியூக் கஹானமோகு ஒலிம்பிக் நீச்சல் வீரர். 1925 ஜூனில் கலிஃபோர்னியாக் கரையருகே ஒரு படகு கவிழ்ந்தபோது, தன் பலகையில் திரும்பத் திரும்பப் போய் 8 பேரைக் கரைசேர்த்தார். வெறுங்கையோடு போயிருந்தால், மூழ்குகிறவர்கள் பிடித்த பிடியில் அவரும் அமிழ்ந்திருப்பார். மிதக்கும் பொருள் இல்லாமல் யாரையும் காப்பாற்றப் பாயாதே. உன் தோழன் தத்தளித்தால் சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிடு. காற்றடைத்த டியூபோ, மூடி இறுக்கிய காலிக் கேனோ கிடைத்தால் அவனிடம் வீசு.

இன்னொன்றை நன்றாக மனதில் வை. கரைக்கு வந்த அலைநீர் பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளத்தின் வழியாக வேகமாக இழுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை அவ்வளவாக உடையாது, நீர் அமைதியாகத் தெரியும். பழகாதவர்கள் அதையே நல்ல இடம் என்று நம்பி இறங்குகிறார்கள். அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதே. தேர்ந்த நீச்சல்காரனும் அதில் களைத்துப்போவான். மல்லாந்து மித, கையை உயர்த்திக் காட்டு. தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து கரையேறு.

கோவளம் போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் மணலில் நின்று கடலைப் பார். எங்கே அலை உடைகிறது, எங்கே உடையவில்லை என்று ஒரு தாளில் வரைந்து எனக்கு அனுப்பு.

உன் மாமா