குரல் நாண்களைக் கழுத்தின் மேலிருந்தே பார்க்கலாமா?

கேள்வி: இதய அறுவைக்குப் பிறகு எங்கள் கைக்குழந்தையின் அழுகுரல் கம்மிவிட்டது. மூக்கு வழியே குழாய் விடாமல், அல்ட்ராசவுண்டிலேயே குரல் நாண்களைப் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியும். கைக்குழந்தைக்கு முதல் சோதனையாக அதையே நான் ஆதரிப்பேன். இடப்பக்கக் குரல் நாணை இயக்கும் நரம்பு நேராகத் தொண்டைக்குப் போவதில்லை. மார்புக்குள் இறங்கி, மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது. அந்த வளைவைச் சீரமைக்கும்போதோ, பிறந்தபின் மூடாமல் நின்ற நாளத்தைக் கட்டும்போதோ அந்த நரம்பு இழுபடலாம், நசுங்கலாம். கழுத்தின் முன்புறம் கருவியை வைத்தால், இரு நாண்களும் சேர்ந்து அசைகின்றனவா, ஒன்று மட்டும் நின்றுவிட்டதா என்பது திரையில் தெரியும்.

எண்டோஸ்கோப்பிதானே துல்லியம் என்பார்கள். உண்மைதான். ஆனால் இப்போதுதான் தேறிவரும் சிசுவுக்கு மூக்கில் குழாய் நுழைவது பெரும் சிரமம். அல்ட்ராசவுண்டைப் படுக்கையருகிலேயே, கதிர்வீச்சின்றி, எத்தனை முறையும் செய்யலாம். படம் மங்கும் என்ற குறை, குரல்வளைக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்த முதியவர்களுக்கே பெரிதும் பொருந்தும். சிசுவின் குருத்தெலும்பு மென்மையானது, ஒலி அலை எளிதில் ஊடுருவும். பார்ப்பவரின் தேர்ச்சி முக்கியம் என்பதை மட்டும் மறுக்க முடியாது. படம் தெளிவில்லையென்றால் எண்டோஸ்கோப்பிக்குத் தயங்காதீர்கள். பால் குடிக்கையில் இருமினாலோ மூச்சுத் திணறினாலோ, நாண் அசைகிறது என்ற அறிக்கையோடு நிறுத்திவிடாமல், விழுங்கும் திறனையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பால் மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்பதை இந்தப் படம் காட்டாது.