மலைப்பூவைச் சமவெளியில் வளர்க்கும் பிள்ளைக்கு

1. கண்ணு, ஊட்டியிலிருந்து சிம்பிடியம் ஆர்க்கிட் தொட்டியை மடியிலேயே வைத்துப் புதுச்சேரிப் பாகூர் வரை கொண்டுவந்துவிட்டாய். முதலில் அதன் பிறந்தகத்தைத் தெரிந்துகொள். பெரிய பூ விடும் இந்தக் கலப்பினங்களின் மூதாதையர் இமயமலைச் சரிவுகளில் வளர்ந்தவர்கள். கோடை கழிந்து இரவுகள் 10 முதல் 15 டிகிரிக்கு இறங்கினால்தான் பூந்தண்டு கிளம்பும். நம் பக்கம் மார்கழி விடியலிலேகூட 20 டிகிரிக்கு வெகு கீழே போவது அபூர்வம். செடி பச்சைப்பசேலென்று இலை விடும், பூக்காது. அதற்காக அதைக் கோபித்துக்கொள்ளாதே.

2. பூக்காத செடியைக் கண்டதும் கை உரப்பொட்டலத்துக்குத்தான் போகும். அடக்கிக்கொள். உரம் ஊட்டம் தரும், குளிரைத் தராது. பனிக்கட்டி போடச் சொல்வார்கள். வேர் சிறிது நேரம் சில்லிடும், அவ்வளவுதான். ராத்திரி குளிர்ந்துவிடாது.

3. தினமும் வேரைப் பார். நலமாக இருக்கும் வேரின் நுனி பளபளவென்று பச்சையாக இருக்கும். அது பழுத்துக் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் போர் தண்ணீர்தான் காரணம். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து மூடி வை. தொட்டிக்கு வெகுதூரம் போகவேண்டாம், புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் வேலை வில்லியனூரில் இருக்கிறது. பக்கவாட்டில் ஓட்டை வைத்துச் செய்து தரச்சொல். உள்ளே அடுப்புக்கரியும் ஓட்டுச் சில்லும் போதும், மண் வேண்டாம். பூச்சில்லாத சுடுமண் ஈரத்தைக் கசியவிட்டு, காற்று பட்டதும் வேரைக் குளிர்விக்கும். அடைமழைக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் இந்த வித்தை பலிக்காது. அப்போது செடிகளை நெருக்கி வைக்காதே.

4. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்கள் மலை ஆர்க்கிட்களைக் கப்பல் கப்பலாக வரவழைத்து, ஆவி நிறைந்த கண்ணாடி வீட்டில் அடைத்தார்கள். வெப்பநாட்டுச் செடி, வெப்பம் கேட்கும் என்று நினைத்தார்கள். கூட்டங்கூட்டமாகச் செத்தன. சாட்ஸ்வொர்த் தோட்டத்து ஜோசப் பாக்ஸ்டன் சூட்டைக் குறைத்து, காற்றோட்டம் கொடுத்த பிறகே பிழைக்கத் தொடங்கின. கேட்காமல் செய்த அன்பு செடிக்குச் சுமை.

5. ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கினால் உனக்கு வழி உண்டு. ஓயாமல் 28 டிகிரிக்கு மேல் இருந்தால் அது இலையோடு நின்றுவிடும். சில வாரம் சூடு தணிந்தால் தண்டு விடும். மார்கழியும் தையும்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பகலில் வீட்டின் வடக்குப் பக்க நிழலும் இரவில் திறந்தவெளியும் ஒரே இடத்தில் கிடைக்கட்டும். எங்கள் அத்தை கிணற்றடி வேம்பின் கீழே தொட்டியைத் தொங்கவிட்டதோடு சரி, அந்த இரண்டு மாதமும் இடம் மாற்றவே மாட்டாள். மாசியில் தண்டு தெரியும். நாளுக்கொரு இடம் மாற்றும் பிள்ளைகளின் தொட்டியில் மொட்டு உதிரும்.

6. குளிர் என்பது எத்தனை டிகிரி என்பது மட்டுமில்லை, எவ்வளவு இறங்கியது என்பதும்தான். தென்கிழக்கு ஆசியாவின் புறா ஆர்க்கிட், திடீர் மழையில் வெப்பம் ஐந்தாறு டிகிரி விழுந்தால், ஒன்பதாம் நாள் ஊர் முழுக்க ஒன்றாகப் பூத்துவிடும். எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் தெரியாது.

7. புதுச்சேரியில் வாழ்ந்த தாவரவியலாளர் பெரோத்தே நீலகிரியில் சேகரித்த ஆர்க்கிட்களைப் பற்றி 1841இல் பாரிசில் ஒரு நூலே வந்தது. அந்த மலைச்செடிகள் மலையிலேயே இருக்கட்டும். காட்டிலிருந்து பிடுங்கி விற்பவரிடம் ஒரு கிழங்குகூட வாங்காதே. பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய்வா.

8. வீட்டுக்கு, வெயில் தாங்கும் டென்ட்ரோபியம் கலப்பினமும், தடித்த இலையுள்ள சிம்பிடியம் அலோயிஃபோலியமும் வாங்கு. நாற்றங்காலில் வளர்த்ததுதானா என்று கேட்டு வாங்கு. பின்னது நம் வெப்பத்திலேயே சரம் தொங்கவிடும். ஊட்டிச் செடியைத் தூக்கி எறியாதே. கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ உறவுக்காரர் வீடு இருந்தால் அங்கே கொடுத்துவிடு. பூத்ததும் படம் அனுப்பச் சொல்.