ஒரே பெட்டி, வேறு வேறு பசி

பூ குறைந்த காலத்தில் சர்க்கரைப் பாகு வைத்துவிட்டால் தேனீப் பெட்டி தாங்கிவிடும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். பாகு வைத்த பிறகும் கூட்டம் சுருங்கும். ஒருநாள் பெட்டி காலியாகக் கிடக்கும். "இவ்வளவு சர்க்கரை கொடுத்தேனே, ஏன் ஓடிப்போச்சு?" என்பார்கள். பெட்டிக்குள் இருப்பது ஒரே வகை வயிறு இல்லை.

தேனீக்குச் சாப்பாடு இரண்டு. பூவின் மதுரம் அன்றாடச் செலவுக்கான கைக்காசு. மகரந்தம் மூலதனம். (வங்கியில் காலம் தள்ளியவனுக்கு உவமை இப்படித்தான் வரும்.) புரதம், கொழுப்பு எல்லாம் மகரந்தத்திலிருந்துதான் வரவேண்டும். சர்க்கரைப் பாகில் அது துளியும் இல்லை.

மகரந்தத்தை அதிகம் தின்பது செவிலித் தேனீ, அதாவது பிறந்து முதல் இரண்டு வாரத்தில் இருக்கும் இளசு. அதைத் தின்றுதான் தலையிலுள்ள சுரப்பியில் பால் போன்ற கூழைச் சுரந்து புழுவுக்கும் ராணிக்கும் ஊட்டுகிறது. மூன்று வாரம் ஆனதும் அதே தேனீ வெளிவேலைக்குப் போகிறது. அப்போது அதற்கு வேண்டியது பெரும்பாலும் இனிப்புதான். காலில் மகரந்தம் சுமந்து வந்தாலும் அது தனக்காக இல்லை, வீட்டிலிருப்பவர்களுக்காக. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இளந்தேனீக்கு அமினோ அமிலம் 1 பங்குக்குச் சர்க்கரை 50 பங்கு ஒத்துவந்தது. வெளிவேலைத் தேனீக்கு 1-க்கு 250. புரதம் கூடினால் வெளிவேலைத் தேனீ சீக்கிரம் செத்துப்போனது!

வயது ஒன்றாக இருந்தாலும் நாக்கு ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்காவில் ராபர்ட் பேஜ் குழுவினர் தேனீயின் உணர்கொம்பில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைத்துப் பார்த்தார்கள். மகரந்தம் கொண்டுவரும் தேனீ, லேசான இனிப்புக்கே நாக்கை நீட்டியது. மதுரம் கொண்டுவருவது, நல்ல இனிப்பாக இருந்தால்தான் நீட்டியது. இதில் பிறவிக்கும் பங்கு உண்டு. ராணி பல ஆண் தேனீக்களோடு கூடுவதால் ஒரே கூட்டில் பல தகப்பன் பிள்ளைகள். எல்லோரும் ஒரே சரக்கின் பின்னால் ஓடாமல் இருப்பது கூட்டுக்கு நல்லதுதானே.

கூட்டில் எது குறைகிறதோ அதைத் தேடிப்போகும் சாமர்த்தியமும் உண்டு. இஸ்ரேலில் நடந்த ஒரு சோதனையில், ஒருவகை மகரந்தம் மட்டும் கொடுத்து வளர்த்த கூட்டங்கள், அதில் இல்லாத சத்தை ஈடுகட்டும் தீனியையே நாடின. ஆனால் தேடிப்போக வயலில் ஏதாவது இருக்கவேண்டுமே! களைக்கொல்லி அடித்த தோட்டத்தில் தொட்டாச்சிணுங்கிகூட மிஞ்சாது.

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களைப் பாருங்கள். அங்கே தேன் வருவது பூவிலிருந்து இல்லை. ரப்பர் இளந்தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து. அதில் மகரந்தம் இல்லை. செவிலித் தேனீக்குச் சுற்றியுள்ள தென்னையும் மற்ற செடிகொடியும்தான் படியளக்கவேண்டும். மக்காச்சோளம் நேர்மாறு: மகரந்தம் மட்டும், மதுரம் கிடையாது. முருங்கை, எள், கொத்தமல்லி, பூசணி என்று மாறிமாறிப் பூக்கும்படி விதைத்தால் இரண்டு தரப்புக்கும் கிடைக்கும்.

காலையில் வெயில் ஏறுமுன் பெட்டி வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். உள்ளே வருபவற்றில் எத்தனை காலில் மகரந்த உருண்டை இருக்கிறது, எத்தனை நிறம் என்று எண்ணுங்கள். பிறகு புழு அடையை எடுத்துப் பாருங்கள். இளம்புழு வெள்ளைக் கூழில் மிதந்தால் நல்லது. அறை வறண்டு, புழு குறைந்து கிடந்தால் மகரந்தப் பஞ்சமாக இருக்கலாம். அந்த நிலை முற்றினால் செவிலித் தேனீக்களே புழுவைத் தின்னத் தொடங்கிவிடும். அப்போது பாகை மட்டும் ஊற்றிக்கொண்டிருக்காமல், பெட்டியை மகரந்தம் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள்.