பட்டறைக் கத்தியா, தொழிற்சாலைக் கத்தியா?

தோட்ட வேலைக்கு ஒரு கத்தி வாங்க வேண்டும். கொல்லர் பட்டறையில் சொல்லி அடித்து வாங்குவதே மேல் என்கிறார் தாத்தா. கடையில் பளபளவென்று தொங்கும் எவர்சில்வர் கத்தி போதும் என்கிறார் அண்ணன். இருவரும் உங்களைப் பார்த்து, "நீதான் அறிவியல் படிக்கிறாயே, நீ சொல்" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இது சிறிய கேள்வி அன்று. நாள் முழுதும் இளநீர் சீவுகிறவருக்கும், வாழைத்தார் வெட்டுகிறவருக்கும், தீவனம் நறுக்குகிறவருக்கும் கத்தியின் குணம் அன்றைய கூலியோடு சேர்ந்தது. மழுங்கிய கத்தியை மிகுந்த விசையோடு அழுத்த வேண்டியிருக்கிறது. அவ்வாறு அழுத்தும்போது அது வழுக்கினால் கையையே பதம் பார்த்துவிடும். ஆகவே கத்தியைத் தேர்ந்தெடுக்கும் முறையை முறையாகவே காண்போம். இங்கே நாம் பேசுவது மடக்குக் கத்தியைப் பற்றி அன்று. அலகும் பிடியும் அசையாமல் பொருந்திய வேலைக் கத்தியைப் பற்றியே.

கத்தி எப்படி வெட்டுகிறது?

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று படித்திருக்கிறீர்கள். கத்தியின் விளிம்பு 2 செ.மீ. நீளத்திற்கு ஒரு காயைத் தொடுகிறது என்று கொள்வோம். நீங்கள் செலுத்தும் விசை 20 நியூட்டன். விளிம்பு மழுங்கி 0.1 மி.மீ. தடிமனாக இருந்தால், அழுத்தம் சதுர மீட்டருக்கு 1 கோடி நியூட்டன். அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 100 மடங்கு. அதே விளிம்பைத் தீட்டி 0.01 மி.மீ. ஆக்கினால் அழுத்தம் 1,000 மடங்காகிறது. உங்கள் கையின் உழைப்பு கூடவில்லை, பரப்புதான் குறைந்தது. நன்கு தீட்டிய விளிம்பு இதைவிடவும் மெல்லியது.

அப்படியானால் கத்தி முழுவதையும் மெல்லியதாகச் செய்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஒரு தகடு வளையாமல் எதிர்க்கும் திறன் அதன் தடிமனின் முப்படிக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. 3 மி.மீ. தகட்டை 6 மி.மீ. ஆக்கினால் அது 8 மடங்கு விறைப்பாகிறது. கட்டையில் ஓங்கி வெட்டும் கத்திக்குத் தடித்த முதுகு தேவை. காய் நறுக்கும் கத்திக்கு அதே தடிமன் இருந்தால் அது காயை நறுக்காது, ஆப்புப்போல் பிளக்கும். விளிம்பின் சரிவும் அப்படியே. காய் நறுக்கப் பக்கத்திற்கு 15 பாகை போதும். மரம் வெட்ட 25 முதல் 30 பாகை வரை வேண்டும். எல்லா வேலைக்கும் ஏற்ற ஒரே கத்தி இல்லாததற்கு இதுவே காரணம்.

எஃகும் கார்பனும்

வடிவம் சரியாக இருந்தாலும் விளிம்பு நிலைக்க வேண்டும். அதற்கு உலோகம் கடினமாக இருக்க வேண்டும். இரும்போடு சிறிதளவு கார்பன் சேர்ந்ததே எஃகு. கம்பி, ஆணி போன்றவற்றின் மெல்லெஃகில் கார்பன் 0.25 சதவீதத்திற்கும் குறைவு. இதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் நல்ல கத்தி ஆகாது. லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் வில்பட்டையில் கார்பன் ஏறத்தாழ 0.5 முதல் 0.65 சதவீதம் வரை உண்டு. கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையைத் தேடி வாங்குவது இதனால்தான்.

எவர்சில்வரிலும் இருவகை உண்டு. பாத்திரங்களுக்கான எவர்சில்வரில் குரோமியத்தோடு நிக்கலோ மாங்கனீசோ சேர்ந்திருக்கும். அதைத் தோய்த்துக் கடினமாக்க முடியாது. கத்திக்கான எவர்சில்வரில் குரோமியம் 13 சதவீதம் அளவிலும், கார்பன் 0.3 முதல் 0.5 சதவீதம் அளவிலும் இருக்கும். இதைக் கடினமாக்கலாம்.

நெருப்பும் நீரும் செய்யும் மாயம்

எஃகை 727° செல்சியசுக்கு மேல் சூடாக்கும்போது இரும்பு அணுக்கள் தம் அடுக்கை மாற்றிக்கொள்கின்றன. புதிய அடுக்கில் கார்பன் அணுக்களுக்கு நிறைய இடம் கிடைக்கிறது. இந்த எஃகை மெல்ல ஆறவிட்டால் அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்புகின்றன. கார்பன் அங்கிருந்து வெளியேறிவிடுகிறது. எஃகு மென்மையாகிறது. சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கார்பன் வெளியேற நேரமில்லை. அது உள்ளேயே சிக்கி, அணுக்களின் அடுக்கை இழுத்து இறுக்கிவிடுகிறது. இந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். இது மிகக் கடினமானது. ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கக் கூடியது.

ஆகவே தோய்த்த கத்தியை மீண்டும் சிறிது சூடாக்கி, நொறுங்கும் குணத்தைத் தணிக்க வேண்டும். இதுவே பதப்படுத்துதல். உலைக்களத்தில் வெப்பமானி இல்லை. கொல்லர் எப்படி அளக்கிறார்? நிறத்தைக் கொண்டுதான்!

பல கொல்லர்கள் கையாளும் முறையைக் கவனியுங்கள். செஞ்சூடான கத்தியின் வாய்ப்பகுதியை மட்டும் நீரில் தோய்ப்பார்கள். முதுகில் வெப்பம் மிச்சமிருக்கும். உடனே வாய்ப்பகுதியைக் கல்லில் தேய்த்து வெளுப்பாக்குவார்கள். முதுகின் வெப்பம் மெல்ல வாயை நோக்கிப் பரவும். அப்போது வெளுத்த பரப்பில் நிறங்கள் ஓடும். வைக்கோல் நிறம் தோன்றினால் சுமார் 220°. பழுப்பு என்றால் சுமார் 255°. கருஞ்சிவப்பு கலந்த ஊதா சுமார் 280°. நீலம் சுமார் 300°. வேண்டிய நிறம் வாயை எட்டியதும் மீண்டும் தோய்த்து நிறுத்திவிடுவார்கள். கூர் நிலைக்க வேண்டிய கத்திக்கு வைக்கோல் நிறம் நன்று. அடிதாங்க வேண்டிய வெட்டுக்கத்திக்கு ஊதா நன்று.

இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன? சூட்டில் எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. சோப்புக் குமிழியில் வண்ணம் தோன்றுவதும் இதே விதியால்தான். மேலும் இம்முறையில் வாய் கடினமாகவும் முதுகு மென்மையாகவும் அமைகின்றன. ஒன்று கூரைக் காக்கிறது, மற்றது அடியைத் தாங்குகிறது.

சம்மட்டியால் அடிப்பதால் எஃகு நெருங்கி அடர்த்தியாகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. அடி, வடிவத்தைத் தருகிறது. கடினத்தைத் தருவது வெப்பமே. மிகுதியாகக் காய்ச்சினால் பரப்பிலுள்ள கார்பன் எரிந்துபோகும்; எஃகின் மணிகளும் பருத்து, கத்தி எளிதில் ஒடியும்.

ஷெஃபீல்டு தரும் பாடம்

1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல்கள் தேய்வதைத் தடுக்க ஆராய்ந்து கொண்டிருந்தார். 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் கொண்ட எஃகை அவர் வார்த்தார். அது எளிதில் துருப்பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசைக் கத்திகளுக்கு இது ஏற்றது என்று அவர் கருதினார். ஆனால் கத்தி செய்வோருக்கு அது முதலில் பிடிக்கவில்லை. அவர்கள் சாதாரணக் கார்பன் எஃகுக்குப் பழகியவர்கள். புதிய எஃகைக் கடினமாக்கச் சுமார் 1,000° வெப்பம் தேவை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியைக் கேலி செய்தார்கள். உரிய வெப்பமுறை பழக்கத்திற்கு வந்தபின் அதே எஃகு உலகெங்கும் பரவியது.

இதற்குச் சுமார் நூறாண்டுகளுக்கு முன் கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து, தென்னிந்தியாவில் புகழ்பெற்ற உருக்கெஃகை ஆராய்ந்தார். 1820இல் இருவரும் எஃகுக் கலவைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். ஆய்வுக்கூடமும் பட்டறையும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டதற்கு இது நல்ல சான்று.

தொழிற்சாலையின் பலமும் குறையும்

தொழிற்சாலை, எஃகின் கலவையைத் தெரிந்து வாங்குகிறது. உலையின் வெப்பத்தைக் கருவி அளக்கிறது. சில கத்திகளை எடுத்து ராக்வெல் அளவையில் கடினத்தைச் சோதிக்கிறார்கள். எவர்சில்வர் சமையல் கத்திகள் பெரும்பாலும் 52 முதல் 56 வரை அமைகின்றன. நல்ல கார்பன் எஃகுக் கத்திகள் 56 முதல் 60 வரை போகும். நூறாவது கத்தியும் முதல் கத்தியைப் போலவே இருக்கும் என்பதே தொழிற்சாலையின் பெரும் பலம். சுவீடனின் மோரா நகரக் கத்திகள் குறைந்த விலையிலும் தச்சர்களின் நம்பிக்கையைப் பெற்றது இதனால்தான்.

ஆனால் அது சராசரிக் கைக்கும் சராசரி வேலைக்கும் செய்யப்பட்டது. உங்கள் அம்மாவின் கை சிறியதாக இருக்கலாம். பருத்த பிடியை நாள் முழுதும் இறுக்கிப் பிடித்தால் விரல்கள் வலிக்கும். ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள கத்தி, இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு வெட்டும்போது தவறான பக்கம் ஒதுங்கும். விலை மலிவுக்காக மென்மையான எஃகில் செய்து பளபளப்பை மட்டும் ஏற்றிய கத்திகளும் கடையில் உண்டு.

பட்டறையின் பலமும் குறையும்

பட்டறையில் வேலையைச் சொல்லி, கையைக் காட்டி, வேண்டிய நீளம், எடை, சரிவு எல்லாவற்றையும் கேட்கலாம். இடக்கைக்கு என்றால் சரிவை மாற்றித் தருவார். வாய் மழுங்கினால் தட்டி, மீண்டும் தோய்த்துத் தருவார். பிடி உடைந்தால் புதிது போட்டுப் பூண் கட்டுவார். விலையோடு இந்தத் தொடர்பையும் நீங்கள் வாங்குகிறீர்கள்.

குறைகளும் உண்டு. ஓடித் தேய்ந்த லாரிப் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். பட்டையின் கலவை எல்லா வண்டியிலும் ஒன்றன்று. நிறம் பார்ப்பதும் கண்ணின் பழக்கத்தைப் பொறுத்தது. ஆகவே கைத்திறன் மிக்கவரின் கத்தி, கடைக் கத்தியை வெல்லும். அவசரத்தில் அடித்த கத்தி அதற்குத் தோற்கும். கார்பன் எஃகு துருவும் ஏறும். துடைத்து, எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.

வாங்குமுன் சோதியுங்கள்

பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள்.

1. காந்தத்தை வைத்துப் பாருங்கள். கடினமாக்கக் கூடிய கத்தி எஃகு காந்தத்தால் நன்கு ஈர்க்கப்படும். ஈர்க்காவிட்டால் அது பாத்திர எவர்சில்வர். ஆனால் மெல்லெஃகும் ஈர்க்கப்படும். ஆகவே இச்சோதனை மட்டும் போதாது.

2. பிடிக்கு அருகில், வெட்டாத ஓரிடத்தில் இல்லாமல், வாய்ப்பகுதியின் கோடியில் கொல்லரையே அரத்தால் லேசாகத் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். அரம் ஆழமாகப் பற்றிச் சீவினால் வாய் மென்மை. வழுக்கினால் கடினம்; மிகவும் வழுக்கினால் பதம் போதாமல் நொறுங்கக் கூடும்.

3. கத்தியைத் தொங்கவிட்டு முதுகில் மெல்லத் தட்டிக் கேளுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். மங்கிய ஒலி வந்தால் வெடிப்போ, பிடி தளர்வோ இருக்கலாம்.

4. வாயை வெளிச்சத்தில் நேராகப் பாருங்கள். மழுங்கிய இடம் மட்டும் ஒளியை எதிரொளித்துக் கோடாக மின்னும்.

5. அலகின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்று கேளுங்கள். ஓங்கி வெட்டும் கத்திக்கு அது பிடியின் கடைசிவரை போவது நல்லது.

6. கொல்லரிடம், "என்ன இரும்பு? எதில் தோய்த்தீர்கள்? எந்த நிறத்தில் நிறுத்தினீர்கள்? வாய் உதிர்ந்தால் திருத்தித் தருவீர்களா?" என்று மரியாதையோடு கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரின் கத்தியை நம்பலாம்.

இனி முடிவு செய்யலாம். எலுமிச்சை, தக்காளி முதலியவற்றோடு பழகும், அடிக்கடி நனையும், பலர் கையில் மாறும் சமையல் கத்திக்குத் தொழிற்சாலைச் சரக்கு பொருந்தும். ஒருவரே நாள்தோறும் ஒரே வேலைக்கு எடுக்கும் கத்திக்கு, அருகில் நல்ல கொல்லரும் இருந்தால், பட்டறைக் கத்தியே சிறந்தது. அருகில் கொல்லர் இல்லையென்றால் வேலைக்கேற்ற தடிமனும் சரிவும் உள்ள கடைக் கத்தியைத் தேடி, தீட்டுக்கல் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். எங்கே செய்தது என்று கேட்பதற்கு முன், என்ன எஃகு, எப்படிப் பதப்படுத்தியது, எந்த வேலைக்கு, யார் கைக்கு என்று கேளுங்கள். இந்த நான்கிற்கும் விடை கிடைத்தால் கத்தியைத் தேர்ந்தெடுப்பது எளிது.

சிந்திக்க:

1. 2 மி.மீ. தகட்டின் தடிமனை 5 மி.மீ. ஆக்கினால் விறைப்பு எத்தனை மடங்கு கூடும்?

2. தீட்டிய கத்தியைத் தீயில் காட்டி நீலநிறம் வரச் சூடாக்கினால் அதன் கூர் ஏன் விரைவில் மழுங்குகிறது?

3. உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, கத்தி எதில் தோய்க்கப்படுகிறது என்று கேட்டு வாருங்கள். நீரைவிட எண்ணெய் மெல்லக் குளிர்விக்கிறது. எண்ணெயில் தோய்ப்பதால் வெடிப்பு ஏன் குறைகிறது?