மணிக்கூடு காட்டும் சீனி

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. சலரோகமும் பிறஷரும் இருக்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினான். விரல் வைத்து நாடியை எண்ணிப் பார்த்தேன்; அது காட்டும் துடிப்பு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சீனி எந்நேரமும் 100, 110 என்றே காட்டுகிறது. போன கிளினிக்கில் 240. துடிப்புச் சரியென்றால் சீனி மட்டும் எப்படிப் பிழைக்கும்? அம்மா மணிக்கூட்டைத்தான் நம்புகிறா.
வாசகி, நெடுந்தீவு

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நாடியை நீங்களே எண்ணிச் சரிபார்த்தீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. சீனி விஷயத்தில் கிளினிக் எழுதியதுதான் சரி. மணிக்கூட்டைப் பார்த்துக் குளிசையைக் குறைக்கவோ விடவோ வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஒரு எண் சரியாக வந்தால் பக்கத்து எண்ணும் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மணிக்கூட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பச்சை ஒளி மினுங்கும். அருகே ஒளியுணரி, அதாவது தோலில் பட்டுத் திரும்பிவரும் ஒளியை அளக்கும் சில்லு. உள்ளே ஓர் அசைவுணரி. திரையில் பத்து எண்கள் வந்தாலும் அடியில் அளக்கப்படுவது பெரும்பாலும் ஒளியும் அசைவும்தான். மற்றதெல்லாம் கணக்கு.

துடிப்புக்கு அந்த ஒளி போதும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் இரத்தம் கூடும்போது திரும்பிவரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் முடிந்தது. ஆனாலும் பட்டி தளர்ந்திருந்தால் பிழைக்கும். வேகமாக நடக்கும்போது காலடியையே துடிப்பென்று எண்ணிவிடுவதும் உண்டு. குறிகட்டுவான் படகில் என்ஜின் அதிரும்போது காட்டும் எண்ணுக்காகக் கவலைப்பட வேண்டாம். ஒரு வேடிக்கையும் செய்து பார்க்கலாம்: மணிக்கூட்டை ஒரு சுருட்டிய துவாயில் கட்டிவிடுங்கள். சில மணிக்கூடுகள் துவாய்க்கும் நாடி பார்த்துச் சொல்லும்!

சீனியின் கதை வேறு. உடம்பில் ஓடும் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தில், அளவு 100 ஆக இருக்கும்போது கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தம் 5 கிராம், ஒரு தேக்கரண்டி. அது ஒளியில் விடும் தடம் மிக மெலிது. தோலிலும் இரத்தத்திலும் நிறைந்திருக்கும் தண்ணீர் அதை மூடிவிடும். பெரிய நிறுவனங்களே பல ஆண்டுகளாக முயன்றும் இது கைகூடவில்லை. தோலைத் துளைக்காமல் தானாகவே சீனி அளக்கும் மணிக்கூடு, மோதிரம் எதற்கும் தாம் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. பெயர்பெற்ற விலை கூடிய மணிக்கூடுகள் தாமாக இந்த எண்ணைக் காட்டுவதில்லை; மலிவானவைதான் துணிந்து காட்டுகின்றன. கையில் ஒட்டும் சீனி உணரி வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்குள் இருக்கும், மணிக்கூடு அதன் எண்ணை வாங்கிக் காட்டும், அவ்வளவே.

240ஐ 105 என்று காட்டுவதைவிட ஆபத்தானது, சீனி 50க்கு இறங்கிவிட்டபோதும் 105 என்று காட்டுவது. அம்மாவுக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் விரலில் குத்திப் பாருங்கள். மீற்றர் இல்லையென்றால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடிக்கக் கொடுங்கள்.

பிறஷரும் பெரும்பாலான மணிக்கூடுகளில் துடிப்பின் வடிவத்திலிருந்து ஊகிப்பதுதான். சாம்சங் மணிக்கூட்டையே 28 நாளுக்கொரு முறை கைப்பட்டிக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். எப்படியும் கைப்பட்டி வேண்டுமென்றால் அதிலேயே பார்த்துவிடலாமே!

மணிக்கூடு உண்மையாக உதவும் இடம் ஒன்று உண்டு: ஏட்ரியல் பிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது. 2019இல் வெளியான அப்பிள் ஆய்வில் 4,19,000க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். எச்சரிக்கை வந்தது சுமார் 0.5 சதவீதத்தினருக்கு. அவர்களில் பிறகு ஈசிஜி பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதத்தினரிடம் அது தெரிந்தது. வந்து வந்து போகும் கோளாறு என்பதால் மற்றவர்களுக்கு இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. அப்படி எச்சரிக்கை வந்தால் ஈசிஜி எடுக்கப் போங்கள்.

ஆனால் மாரடைப்பு மணிக்கூட்டுக்குத் தெரியாது. வைத்தியசாலை ஈசிஜி இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கும். மணிக்கூடு ஒரே கோணத்தில். சலரோகக்காரர்களுக்கு நெஞ்சு நோகாமலே மாரடைப்பு வருவதுண்டு. மூச்சு முட்டல், காரணமில்லாத களைப்பு, குளிர்ந்த வியர்வை கண்டால் திரையில் எது இருந்தாலும் உடனே பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கள். யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் நடுவில் கடல் கிடக்கிறது. காத்திருந்து பார்க்கும் வசதி உங்களுக்கு இல்லை.

தம்பி இனி ஏதாவது அனுப்பக் கேட்டால், மேற்கையில் கட்டும் பிறஷர் கருவியை அனுப்பச் சொல்லுங்கள். சீனி மீற்றரை மட்டும் அங்கே வாங்க வேண்டாம். அதற்குரிய சோதனைப் பட்டிகள் இங்கே கிடைக்குமா என்பது ஒன்று. மற்றது, கனடாவில் சீனியை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். நம் கிளினிக்கின் 240 அங்கே 13.3. பதின்மூன்று என்று பார்த்தால் அம்மா இன்னும் சந்தோஷப்படுவா. மீற்றர் வந்துவிட்டதென்றால் அது காட்டும் எண்ணை 18ஆல் பெருக்கிக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள்.